காற்றின் நடுவுநிலைமை

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது நம் நாட்டு மூதாட்டியர் வாயில் நாளும் பயிலும் பழமொழி. இக்காலத்துப் பந்தாட்டக்காரர் கூடத்தைக் குறை கூறுவதில்லை. கூடத்தினுட் புகுந்த காற்றையே குறை கூறுகின்றனர். டென்னிஸ் ஆட்டம் முடிந்து, தோற்றவர் களத்தினின்றும் வெளிப்போதரும்போது, 'இன்று காற்று கெடுத்துவிட்டது' என்னும் சொல்லே அவர் வாயினின்றும் முதற்கண் பிறக்கின்றது. இதனை நம் கலாசாலை மைதானத்திலும் கேட்கலாம்; பொருள் கருதி ஆடுந் தொழில்முறை வீரர்தம் பெரும் போட்டிகளிலும் கேட்கலாம். காற்று ஆட்டத்தைக் கெடுக்கின்றதா, அன்றி ஆட்டக்காரனை அளக்கின்றதா? அளக்கின்றது என்பதே என் துணிபு. அதனைத் தக்க காரணங்களால் நிறுவ முயல்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாம்.

தமிழர் காற்றை நன்கறிந்தவர். வடக்கினின்று வருவதனை வாடையென்றும், தெற்கினின்று வருவதனைத் தென்றலென்றும், கிழக்கினின்று வருவதனைக் கொண்டலென்றும், மேற்கினின்று வருவதனைக் கோடையென்றும் பெயரிட்டு வழங்கினர். கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், அவன் முன்னோனொருவன் கடலிற் காற்றைப் பணிகொண்டு மரக்கலம் செலுத்தினான் என்று புகழ்கின்றார். கடலோடிக்கு மட்டுமன்றிக் களத்துமேட்டு உழவனுக்கும் இவ்வறிவு உண்டு. நெல்லையும் பதரையும் பிரிப்பவன் காற்றுக்காகக் காத்திருக்கின்றான். அது வந்தவுடன் முறத்தை உயர்த்துகின்றான். இவர்கள் 'காற்று ஏன் வந்தது?' என்று வினவுவதில்லை. 'எத்திசையினின்று வருகின்றது? எவ்வளவு வருகின்றது?' என்றே வினவுகின்றனர். டென்னிஸ் வீரன் கேட்கவேண்டிய வினாக்களும் இவ்விரண்டேயாம்.

முதற்கண் காற்றுப் பந்தை என் செய்கின்றது என்று காண்போம். டென்னிஸ் பந்தின் எடை 56 கிராமுக்கும் 59.4 கிராமுக்கும் இடைப்பட்டது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 6.7 சென்டிமீட்டர், அதன் மேலுறையோ மயிர்செறிந்த கம்பளியாலாயது. ஆகவே பந்து எடையிற் சிறிதாயினும் காற்றைப் பற்றுவதில் வலிது. பௌதிகம் பயிலும் நண்பரொருவர் துணைகொண்டு யான் கணக்கிட்டறிந்தவற்றை ஈண்டுக் கூறுவேன். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அஃதாவது மணிக்கு 108 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்தைக் காற்றற்ற நாளிலும் வளி தடுக்கின்றது; அத்தடையின் அளவு பந்தின் எடையினும் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு. இத்தடை வேகத்தின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. வினாடிக்கு 5 மீட்டர் என்னும் மெல்லிய காற்று எதிர்வீசின், தடை மூன்றிலொரு பங்குக்கு மேல் மிகும். அதே காற்றுப் பின்னிருந்து வீசின், ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். எனவே ஒரே களத்தின் இருபுறத்தும் நின்று ஒரே வேகத்தில் இருவர் அடித்த பந்துகளுள் ஒன்று மற்றொன்றினும் ஏறத்தாழ இருமடங்கு தடையை எதிர்கொள்கின்றது. களத்தின் நீளமோ 23.77 மீட்டர்தான். ஒருவனுக்கு எல்லைக்கோட்டின்மீது விழுந்த அடி, மற்றவனுக்கு வெளியே வீழ்வதில் வியப்பென்னை?

காற்றுக் குறுக்கே வீசினும் துன்பம் குறைவன்று. அவ்வேகத்திற் சென்ற பந்து களத்தின் ஒரு கோடியினின்று மறுகோடி சேர்வதற்குள் அரை மீட்டருக்கு மேல் ஒதுங்கிவிடும். ஓரக்கோட்டைக் குறிவைத்து ஆடுவோன் குறியைக் காற்று வரும் பக்கமாக உள்ளே மாற்றிக்கொள்ளல் வேண்டும். இனி, சர்வீஸ் என்னும் தொடக்க அடியை நோக்குவோம். ஆட்டத்தில் வீரன் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் அடி இஃது ஒன்றே. ஆயினும் கையினின்று தூக்கிய பந்து ஒரு வினாடி காற்றில் நிற்பின், மேற்கூறிய மெல்லிய காற்றே அதனை ஏறத்தாழ ஒரு சாண் தூரம் தள்ளிவிடும். மட்டையின் நடுவிற் பட வேண்டிய பந்து விளிம்பிற் பட்டால், பல்லாண்டுப் பயிற்சியும் அந்நொடியிற் பயனற்றுப் போகின்றது.

இவற்றிற்கு மருந்து இல்லையோ எனின், உண்டு. காற்றறிந்த வீரன் பந்தைத் தாழத் தூக்குகின்றான். தூக்கிய பந்து பிழைபட்டதெனின் அடியாது விட்டுவிடுகின்றான். அடிக்க முயன்று தவறினாலன்றி அது பிழையாகாதென்பது ஆட்டவிதி. எதிர்காற்றில் வலிந்து உயர அடிக்கின்றான். பின்காற்றில் பந்துக்கு மேற்சுழல் மிகக் கொடுத்து எல்லைக்கு நெடுந்தொலைவு உள்ளே குறிவைக்கின்றான். வலையருகே மெல்ல வீழ்த்தும் அடியை எதிர்காற்றுள்ள பக்கத்தினின்று ஆடுகின்றான். அப்போது பந்து தயங்கி வீழ்கின்றது. பின்காற்றுள்ள பக்கத்தில் வலையை நோக்கி முன்னேறுகின்றான். அப்போது பகைவன் அடி எதிர்காற்றில் வலிகுன்றி வருகின்றது. இவையெல்லாவற்றினும் மேலாகக் கால்களைப் பேணுகின்றான். பந்து வருமிடம் இறுதி நொடிவரை மாறக்கூடுமாதலின், நெடிய அடி வைத்து ஓடி நின்றுவிடாது, குறுநடையாற் பலகால் இடம் திருத்திக்கொள்கின்றான். கோட்டைக் குறிக்கும் பெருமிதத்தைத் துறந்து, கோட்டினுள் ஒரு கோல் இடம் விட்டு ஆடும் அடக்கத்தை மேற்கொள்கின்றான்.

'ஒருபுறம் நன்மையும் மறுபுறம் தீமையும் செய்யும் காற்றை நடுநிலைமை உடையதென்பது யாங்ஙனம்?' என்று ஐயுறுவார் உளராயின், அவர்க்கு ஆட்டத்தின் விதியே விடை கூறும். 19ஆம் நூற்றாண்டின் பழைய விதிகளின்படி, ஆடுவோர் ஒவ்வொரு செட் முடிவிலும் பக்கம் மாறினர். வெயிலாலோ காற்றாலோ ஒரு பக்கத்தார்க்குத் தனிநன்மை உண்டென்று முறையிடப்படின், ஒவ்வொரு கேம் முடிவிலும் மாறுமாறு நடுவர் ஆணையிடலாம் என்றும் அவ்விதிகள் கூறின. இக்காலத்தில் முறையீடே வேண்டா. முதற் கேம், மூன்றாம் கேம் என ஒற்றைப்படைக் கேம் முடியுந்தோறும் பக்கம் மாறுவர். டை-பிரேக்கில் ஆறு புள்ளிகளுக்கு ஒருமுறை மாறுவர். காற்றைத் தடுக்க வகையின்றி, அதனை இருவர்க்கும் பங்கிட்டுத் தந்தனர் விதிவகுத்த அறிஞர். ஆகவே காற்று ஒருவனுக்குச் செய்த தீங்கைச் சிறிது போழ்தில் மற்றவனுக்கும் செய்தே தீரும். அத்தீங்கை முன்னறிந்து ஏற்றவன் யார் என்பதொன்றே எஞ்சி நிற்கும் வேறுபாடு.

இதற்கு ஒரு பெருஞ்சான்று 2012ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் நடைபெற்ற அமெரிக்க ஓபன் போட்டியாம். அவ்வாண்டு செப்டம்பர் 8ஆம் நாள் நடந்த அரையிறுதியில் ஸ்காட்லாந்து நாட்டு ஆண்டி மர்ரேயும் செக் நாட்டுத் தாமஸ் பெர்டிச்சும் எதிர்ந்தனர். பெர்டிச் அதற்கு முந்திய ஆட்டத்திற் பெடரரையே வென்று வந்தவர், நெடிய உருவினர், பந்தை மிக உயரத் தூக்கி வன்மையாக அடிப்பவர். அன்றோ பெருங்காற்று வீசியது. வீரர் அமரும் நாற்காலியும் ஆட்டத்தினிடையே களத்தினுட் பறந்து வந்தது. முதற் செட்டைப் பெர்டிச் வென்றார். அதன்பின் உயரத் தூக்கிய பந்து அவர்க்குக் கட்டுப்படவில்லை. மர்ரேயோ சுழலும் மெல்லடியும் கலந்து, பிழையை ஒதுக்கி, பொறுமையோடு ஆடி 5–7, 6–2, 6–1, 7–6 என வென்றார். செப்டம்பர் 10ஆம் நாள் இறுதியாட்டமும் காற்றிலேயே நிகழ்ந்தது. 4 மணி 54 நிமிடம் நீண்ட அவ்வாட்டத்தில் ஜோகோவிச்சை 7–6, 7–5, 2–6, 3–6, 6–2 என அவர் வென்றார். 1936இல் பிரெட் பெர்ரி பெற்ற வெற்றிக்குப்பின், 76 ஆண்டுகள் கழித்துப் பிரிட்டன் நாட்டு ஆடவரொருவர் பெருஞ்சுற்றுப் போட்டியொன்றிற் பெற்ற ஒற்றையர் பட்டம் அஃதேயாம். அதனைக் காற்று தந்த பட்டம் என்று இழித்துரைத்தல் முறையாகுமா? ஆகாது. காற்று இருவர்மீதும் வீசிற்று. பட்டம் ஒருவர்க்கே கிடைத்தது.

ஈண்டு மறுப்போர் கூற்றையும் மறைக்காது கூறுதல் கடன். அதே நாளில் ஸ்பெயின் நாட்டு டேவிட் பெரர், பெருங்காற்றில் ஜோகோவிச்சை எதிர்த்து முதற் செட்டில் 5–2 என முந்தி நின்றார். சூறாவளி எச்சரிக்கையால் ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாள் காற்றுத் தணிந்தபின் பெரர் முதற் செட்டை முடித்தாராயினும், அடுத்த மூன்று செட்டுகளையும் 6–1, 6–4, 6–2 என ஜோகோவிச் கைக்கொண்டார். 'காற்றில் ஒருவன் வல்லவன், அமைதியில் மற்றொருவன் வல்லவன் எனின், காற்று உண்மைத் திறனைப் புரட்டிக் காட்டுகின்றது அன்றோ?' என வினவுவர். அற்றன்று. அமைதியில் ஆடும் திறன் ஒன்று. மாறும் நிலைமைக்கேற்ப ஆடும் திறன் மற்றொன்று. முன்னதையே திறன் என்றும், பின்னதை வெறும் நற்பேறு என்றும் கொள்வதற்கு யாது காரணம்? ஓட்டப் பந்தயத்தைப் பாருங்கள். 100 மீட்டர் ஓட்டத்தில் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேற்படின் அந்நேரத்தை உலகச் சாதனையாக ஏற்பதில்லை. ஆயினும் அன்று முதலில் வந்தவன் முதல்வனேயாவான். அவன் வெற்றியை ஒருவரும் பறிப்பதில்லை. அங்கே கடிகாரத்தோடு போட்டியிடுவதால் காற்றை அளந்து ஒதுக்குகின்றனர். டென்னிஸிலோ மனிதன் மனிதனோடு பொருகின்றான். இருவரும் ஒரே வானத்தின்கீழ் நிற்கின்றனர். பெருஞ்சூறாவளியிலும் ஆடுக என யான் கூறவில்லை. உயிருக்கு ஊறு நேருமெனின் ஆட்டத்தை நிறுத்தலே அறிவு. அன்று நியூயார்க்கில் நிறுத்தியதும் தக்கதே.

இவ்வாதம் எங்களிடை எழுந்த இடம் புளியஞ்சோலை. கொல்லிமலையின் கீழ்பால் அடிவாரத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துறையூர் வட்டத்தில், மலைமேல் ஆகாயகங்கையாக வீழ்ந்த ஐயாறு சோலையினூடே இறங்கிவரும் இடம் அது. சங்கப் பாடல்களிற் பயின்ற கொல்லியைக் கண்ணாற் காண வேண்டித் தமிழ் ஆனர்ஸ் மாணவராகிய யாங்கள் அங்குச் சென்றிருந்தோம். நண்பகல் உணவுக்குப்பின் இரு மரங்களிடையே கயிறொன்று கட்டி, பழைய பந்தொன்றும் மட்டை இரண்டுங் கொண்டு ஆடலானோம். பகலில் வெயிலாற் சூடேறிய மலைச்சரிவை நோக்கிக் காற்று மேலேறுகின்றது. ஆகவே மலையை நோக்கி அடித்தவர் பந்து நீண்டு பறந்தது. மலையைப் புறங்கண்டு நின்றவர் பந்து தயங்கி வீழ்ந்தது. பின்னவர், இக்காற்றில் ஆடுவது ஆட்டமன்று என்று முழங்கினர். உலகப் போட்டிகள் யாவும் கூரையின்கீழ் நடைபெறல் வேண்டும் என்று அவருள் ஒருவர் தீர்ப்பும் வழங்கினார். பொழுது சாய்ந்தது, சரிவு குளிர்ந்தது, குளிர்ந்த காற்று மலையினின்று பள்ளத்தாக்கை நோக்கி இறங்கலாயிற்று. முழங்கியவர் பந்து இப்போது நீண்டு பறந்தது. கூரைபற்றிய பேச்சு அதன்பின் அவர் வாயில் எழவில்லை! எங்கள் கயிற்றுக் களத்திற்குப் பக்கம் மாறும் விதி இல்லை; அவ்விதியை மலையே நடத்தி வைத்தது.

நண்பர் அதன்பின் மறந்த கூரையை உலகம் மறக்கவில்லை. மெல்போர்ன் நகரப் பெருங்களம் 1988இல் மூடுகூரையோடே திறக்கப்பட்டது. விம்பிள்டன் நடுக்களம் 2009இல் கூரை பெற்றது. மர்ரே காற்றில் வென்ற அதே நியூயார்க் களம் 2016இல் கூரை பெற்றது. மழையால் நாட்கணக்கில் ஆட்டம் தடைப்படுவதைக் கூரை தடுப்பது நன்றே. அதனை யான் இகழேன். ஆனால் கூரையின்கீழ் ஆடுவதே தூய டென்னிஸ், வெளியில் ஆடுவது குறையுடைய டென்னிஸ் என்னும் எண்ணம் பரவுமாயின், அதன் கேடு நம்மைப் போன்றோரையே சாரும். நம் மாவட்டத்துக் கலாசாலைகளுள்ளும் பள்ளிகளுள்ளும் டென்னிஸ் களமுடையவை சில. அவையும் திறந்த வெளியில் உள்ளவையே. சிற்றூரினின்று வரும் மாணவன், முதன்முதல் மட்டை பிடிப்பது வெயிலிலும் காற்றிலுந்தான். அவனிடம் 'நின் ஆட்டம் உண்மை ஆட்டமன்று' என்று கூறுவது, களத்தின் வாயிலை அவன் முகத்தெதிரே அடைப்பதேயாம்.

நம் நாட்டுக்கே உரிய பூப்பந்தாட்டத்தை நினைமின். தஞ்சையிற் பிறந்ததெனப்படும் அவ்வாட்டத்தின் பந்து கம்பளி நூலாலாயது; எடை ஏறத்தாழ 30 கிராம்; டென்னிஸ் பந்தில் பாதி. அதனை நம் முன்னோர் ஊர்ப்பொதுவில் திறந்த வானத்தின்கீழ் ஆடினர். ஐந்து கிராம் எடையே உள்ள இறகுப்பந்தாட்டம் காற்றஞ்சிக் கட்டடத்தினுட் புகுந்தது. அதற்கு அது தகும். அதனினும் பத்து மடங்கு எடையுள்ள டென்னிஸ் பந்தும் அவ்வாறே அஞ்சி ஒளிய வேண்டுமோ?

கொல்லியைக் கண்டு மீண்ட எங்களுக்கு இரு பெயர்கள் நெஞ்சில் நின்றன. ஒன்று கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் அதன் எழிலைச் சிதைக்கமாட்டா என்று நற்றிணையிற் பரணர் பாடுகின்றார். மற்றொன்று வல்வில் ஓரி. அவன் எய்த அம்பு ஒன்றே யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியதென்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகின்றார். டென்னிஸ் வீரனுக்கு இவ்விருவருள் எவர் ஆசிரியர்? பாவையைப் போல் அசையாது நிற்பவன், அமைதியான நாளில் ஆடிய அடியையே காற்றிலும் ஆடித் தோற்பான். ஓரியோ மலைநாட்டு வில்லாளன். மலையிற் காற்று ஓயாதென்பதை அறிந்தே அவன் நாணேற்றியிருத்தல் வேண்டும். எனவே கை ஓரியைப் போலும், உள்ளம் பாவையைப் போலும் அமைதல் நன்று. அடி காற்றுக்கேற்ப மாறுக, மனம் மாறாதிருக்க.

காற்றில் முதலிற் குலைவது பெரும்பாலும் அடியன்று, மனமே. ஒரு பந்து விலகியவுடன் சினம் எழுகின்றது. சினம் எழுந்தவுடன் கால்கள் சோம்புகின்றன. கால்கள் சோம்பியபின் காற்றில்லாத நொடியிலும் பிழை நேர்கின்றது. அப்பிழையையும் காற்றின் கணக்கிலேயே எழுதிக்கொள்கின்றோம். தன் பிழையைப் பிறிதொன்றன்மேல் ஏற்றும் வழக்கம் மைதானத்தோடு நிற்பதன்று. அது தேர்வு மண்டபத்துள்ளும் பின்தொடர்ந்து வரும்.

நம்மவருள் உலகறிந்த டென்னிஸ் வீரர் இராமநாதன் கிருஷ்ணன் 1937இல் நாகர்கோவிலிற் பிறந்தவர். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டமும், 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அங்கே ஆடவர் அரையிறுதியும் எய்தியவர். பெருவலிமையால் அடித்து வீழ்த்தியவர் அல்லர் அவர். இடமறிந்து மென்மையாகப் பந்தை வைத்தவர். அவர் ஆடிய நாளில் விம்பிள்டனுக்குக் கூரையும் இல்லை. வலிமை குறைந்தவனும் அறிவால் உயரலாம் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. காற்று வேண்டுவதும் அவ்வறிவையே.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், நம் வகுப்புப் போட்டிகளைக் காற்றின் பொருட்டு ஒத்திவைக்கலாம் என்று சிலர் கூறினர். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்குமென்பது உண்மையே. ஆயினும் ஆடி ஆண்டுதோறும் வரும். அதனை ஒதுக்கி ஆடிப் பழகியவன், வெளியூர்ப் போட்டியிற் காற்றைக் கண்டவுடன் அயலானைக் கண்டவன் போல் திகைப்பான். ஆகலின், மாணவ நண்பர்காள், போட்டியை ஒத்திவையாதொழிவோம். வாரத்தில் ஒருநாளேனும் காற்று மிகுந்த பிற்பகலைத் தெரிந்து பயில்வோம். ஒற்றைப்படைக் கேம் முடியுந்தோறும் தவறாது பக்கம் மாறுவோம். களத்தின் ஓரத்தில் ஒரு சிறு துணிக்கொடியை நட்டு, ஆடுமுன் அதனை ஒருகால் நோக்குவோம். அதற்கு ஆகும் செலவு நான்கு முழத் துணியே. தோற்ற நாளில், 'அவர் காற்றை என்னினும் நன்கறிந்தார்' என்று கூறி வென்றவர் கையைப் பற்றுவோம். இவ்வொரு சொல்லைக் கூறப் பழகுவோமாயின், நம் மைதானத்திற்குக் கூரை இல்லையென்று ஒருநாளும் வருந்தமாட்டோம்.